சாமிக்கும் தலைக்கும் போக மிச்சம்

தமிழ் வீட்டில் பூவுக்கு மூன்றே விலாசம்: சாமி படம், பெண்ணின் தலை, பிணம். கொஞ்சம் தாராளமாகக் கணக்குப் போட்டால் நான்காவதாக மேடையில் உட்கார்ந்திருக்கும் தலைவரின் கழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த நான்கில் எதற்கும் போகாத ஒரு பூவைத் தோட்டத்திலிருந்து தண்டோடு வெட்டிக்கொண்டு வந்து, தண்ணீரில் நிறுத்தி, சும்மா பார்ப்பதற்காக மேசை மேல் வைத்துப் பாருங்கள். ‘இது எதுக்கு?’ என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அதை மறைத்து எழுதுகிற உத்தேசம் இல்லை.

முதலில் வருகிற ஆட்சேபம் கருணை வேடம் போட்டுக்கொண்டு வரும். ‘செடியிலயே இருந்தா எவ்வளவு அழகா இருக்கும், அதப் போயி வெட்டிட்டீங்களே!’ இதைச் சொல்பவர் வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு முழம் மல்லி வாங்குபவராக இருப்பார். அந்த மல்லி எப்படி வந்தது? விடிவதற்கு முன்னால், நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு, பெரும்பாலும் பெண்கள், குனிந்த முதுகு நிமிராமல், விரியாத மொட்டாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி எடுத்தது. அந்த மொட்டு செடியில் ஒரு நிமிடம்கூடப் பூவாக இருந்ததில்லை. விரிவதே சந்தைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் எங்கேயோதான். அதற்கு யாரும் வருத்தப்படுவதில்லை, வருத்தப்படவும் வேண்டாம். ஆனால் ஒரு ஜினியாவைத் தண்டோடு வெட்டினால் மட்டும் ஜீவகாருண்யம் பொங்கிவிடுகிறது.

அந்தக் கருணைக்குத் தாவரவியலும் துணை நிற்காது. ஜினியா, காஸ்மாஸ், வாடாமல்லி, செண்டு இவையெல்லாம் ஒரு பருவத்துச் செடிகள். அவற்றின் குறிக்கோள் பூ இல்லை, விதை. முதல் பூக்கள் காய்ந்து விதை முற்ற ஆரம்பித்தால் செடி தன் வேலை முடிந்தது என்று புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். வெட்டினால் மறுபடி முயற்சி செய்யும். நுனி இருக்கிற வரைக்கும் அது அனுப்பும் ஆக்சின் என்கிற வளர்ச்சிப் பொருள் கீழே இலைக்கணுக்களில் உள்ள மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனால் அடங்கிக் கிடந்தவை கிளம்பும். ஒரு தண்டை ஓர் இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அந்தக் கணுவின் இரண்டு பக்கத்திலும் இரண்டு கிளை வரும். எனவே வெட்டுவது இந்தச் செடிக்குச் செய்யும் வன்முறை என்பது செடியைக் கவனிக்காதவர் சொல்லும் பேச்சு. வெட்டாமல் விட்ட ஜினியா ஒன்றரை மாதத்தில் கிழவியாகி நிற்கும். தொடர்ந்து வெட்டிய ஜினியாவில் மூன்று மாதம் வரை பூ எடுத்திருக்கிறேன். தேனீக்களுக்கு வேண்டும் என்பவர்களுக்கு: நியாயம், ஒரு வரிசையை விட்டுவிடுங்கள். விதைக்கும் அது வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கருணையைவிடச் சத்தமாக வரும். ‘ஜாடியில பூ வைக்கிறது வெள்ளக்காரன் பழக்கம். நம்ம பண்பாட்டுல பூ சாமிக்கு, இல்லாட்டி பொம்பளைக்கு.’

நம்ம பண்பாடு என்றால் எந்த நம்ம? கரந்தையும் வஞ்சியும் தும்பையும் வாகையும் யார் சூடியது? ஆண்கள். போருக்குப் போன ஆண்கள். பூவின் பெயரையே திணையின் பெயராக்கும் அளவுக்குச் சூடினார்கள். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. புறநானூற்றில் ஒல்லையூர்ச் சாத்தன் இறந்த பிறகு பூத்த முல்லையைப் பார்த்துப் பாடிய ஒரு சிறு பாட்டு உண்டு. இனிமேல் இதை யாரெல்லாம் தொடமாட்டார்கள் என்று அதில் ஒரு பட்டியல் வரும். பட்டியலில் முதலில் நிற்பவர்கள் இளைஞர்கள். பாணனும் உண்டு. அதாவது அந்த ஊரில் முல்லை ஆண்பிள்ளைகளின் தலையிலும் இருந்திருக்கிறது. இன்றைக்கு நான் அலுவலகத்துக்கு முல்லை வைத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆணும் பூவும் சேர்ந்தால் இன்றைய தமிழில் மிஞ்சியிருப்பது ‘காதுல பூ சுத்துறது’ மட்டும்தான். இத்தனை தூரம் நகர்ந்து வந்திருக்கிற ஒன்றை அசையாத பண்பாடு என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

பூக்களும் அப்படியே நின்றுகொண்டிருக்கவில்லை. கோயில் மாலையில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கும் செண்டுப்பூ மெக்சிகோவிலிருந்து வந்தது. கல்யாண மாலையின் சம்பங்கியும் மெக்சிகோ. ஆயுத பூஜைக்கு வாங்கும் வாடாமல்லி மத்திய, தென் அமெரிக்காக்காரி. சாமந்திக்குச் சீனா. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இவற்றில் ஒன்றுக்கும் இடம் இருந்திருக்க முடியாது. வந்தவர்களை நாம் வரவேற்று சாமியின் கழுத்து வரைக்கும் அனுப்பிவைத்தோம், நல்ல காரியம். அதே மெக்சிகோவிலிருந்து வந்த ஜினியாவை மட்டும் ‘சீமப் பூ’ என்று வாசலில் நிறுத்தி வைப்பது என்ன நியாயம்? (அந்தப் பெயர் 1759இல், 31 வயதில் இறந்துபோன ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஜின் என்பவருடையது. நம் கண்ணுக்குள் வில்லையைத் தாங்கிப் பிடிக்கும் நுண்ணிழைகளுக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு மட்டுமே ஆன ஒரு பூவுக்குக் கண் வைத்தியத்தோடு இப்படி ஓர் உறவு.)

ஜப்பானியர்களின் இகபானாவும் புத்தருக்கு வைத்த பூவில் தொடங்கியதுதான். கியோட்டோவில் ஒரு கோயிலோடு ஒட்டி வளர்ந்த பரம்பரை அது. பலிபீடத்திலிருந்து பூ மெல்ல வீட்டின் நடு அறைக்கு நடந்து வந்தது. அங்கே புத்தர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது வாதம். இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பூ பெண்ணின் தலைக்கு என்கிறோம். எந்தப் பெண்ணின் தலைக்கு? கல்யாண மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருக்கும். பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டு, குங்குமம், துண்டு துண்டாக வெட்டி வைத்த மல்லிச் சரம். மேசைக்குப் பின்னால் பட்டுப் பாவாடையில் இரண்டு சிறுமிகள். அவர்களுக்குப் பத்து வயதுகூட இருக்காது. ஆனால் யாருக்குப் பூ நீட்ட வேண்டும், யாரிடம் கற்கண்டை மட்டும் நீட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. நெற்றியையும் கழுத்தையும் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சின்னக் கை தட்டை அந்தப் பக்கம் திருப்பிவிடும். அப்பா போன பிறகு என் அம்மாவோடு நான் போன ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தத் தட்டு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அம்மா அந்த மேசை வருவதற்கு நாலடி முன்பே பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள். அந்தச் சிறுமிக்குச் சங்கடம் வரக்கூடாதாம்.

‘கணவன் கொடுத்த பூ, கணவனோடு போயிற்று’ என்பார்கள். பொய். காது குத்துவதற்கு முன்பே, தலையில் நாலு முடி முளைத்த உடனேயே, கனகாம்பரத்தை நூலில் கட்டிப் பெண் குழந்தையின் தலையில் சுற்றுகிற நாடு இது. இருபது வருடம் அவளுடையதாக இருந்த ஒன்றை நடுவில் வந்தவர் எப்படிக் கொடுத்தவர் ஆனார்? பல சாதிகளில் அந்தக் கடைசி நாளில் பிறந்த வீட்டார் கொண்டுவந்த பூவை எல்லாம் தலை கொள்ளாமல் வைத்து, அதன் பிறகு பிடுங்குவார்கள். எடுப்பதற்காகவே வைப்பது. இதைவிடக் குரூரமாக யோசிக்க வேண்டும் என்றால் மெனக்கெட வேண்டும்.

2022 மே மாதம் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற ஒரு கிராமப் பஞ்சாயத்து, வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது போன்ற சடங்குகள் இனி எங்கள் ஊரில் கிடையாது என்று தீர்மானம் போட்டது. ஒரு கிராமத்தால் முடிந்திருக்கிறது. பெரியார் மண் என்று நாளுக்கு நாலு தடவை சொல்லிக்கொள்ளும் நாம், நம் வீட்டுக் கல்யாணத்தின் வரவேற்பு மேசையில் என்ன செய்கிறோம்?

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். பூவிலேயே பிழைக்கிற ஊர். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் மூன்று மல்லிச் செடிகள் உண்டு. அம்மாதான் கவாத்து செய்வாள், உரம் வைப்பாள், பறிப்பாள், தொடுப்பாள். தொடுத்ததைத் தெருவில் எல்லோருக்கும் கொடுப்பாள். அதில் கொஞ்சம் அப்பா படத்துக்குப் போகும். மிச்சம் என்று எதுவும் இருக்காது, இருக்கவும் விடமாட்டாள். பூ வளர்க்க அனுமதி உண்டு, தொடுக்க அனுமதி உண்டு, வைத்துக்கொள்ளத்தான் இல்லை.

மல்லியை ஜாடியில் வைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். அதற்குத் தண்டே இல்லை. நம் தோட்டங்களை நாம் அப்படித்தான் உருவாக்கியிருக்கிறோம். மல்லி, முல்லை, பிச்சி, கனகாம்பரம், அரளி எல்லாம் உதிரிப்பூ. கழுத்தோடு கிள்ளி எடுத்து நூலில் கோப்பதற்கு. நூல் என்றால் சாமி அல்லது தலை. செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே பூ எங்கே போக வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறோம். தண்டுள்ள பூ வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதனால்தான்.

கிணற்றடி ஓரமாக நாலடிக்குப் பத்தடி இடம். அதில் ஜினியா, காஸ்மாஸ், கோழிக்கொண்டை, ஓரத்தில் வாடாமல்லி. ஜினியா விதை ஐந்தாறு நாளில் முளைத்துவிடும், இரண்டு மாதத்தில் பூக்கும். எங்கள் பக்கத்துக்கு ஆடியில் ஒரு விதைப்பு, தையில் ஒரு விதைப்பு சரிப்படும். ஐப்பசி மழையில் இலைப்புள்ளி வரும், மார்கழிப் பனியில் சாம்பல் நோய் வரும். அந்த இரண்டு மாதமும் அதோடு சண்டை போடாமல் விட்டுவிடலாம். செடிக்குச் செடி ஒரு முழம் இடைவெளி, தண்ணீர் வேரடியில் மட்டும். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அம்மா அதற்குத்தான் முதலில் பதறினாள். ‘பூக்குற நேரத்துல கழுத்தக் கிள்ளுறியேடா.’ மல்லியைப் பூவரும் முன்பு முட்டி உயரத்துக்கு வெட்டித் தள்ளுகிறவள்தான் இதைச் சொன்னது.

முதல் நாள் வெட்டியதை அவள் கையில் கொடுத்தபோது ஒரு கேள்வி கேட்டாள்: ‘இத எங்கடா வைக்கிறது?’

அந்தக் கேள்வியை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வருடம் பூவோடு புழங்கிய ஒருத்தியின் வீட்டில், பூவை வைக்க ஓர் இடம் இல்லை. ஜாடி என்ற பொருளே இல்லை. கடைசியில் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி எடுத்தோம்.

வெட்டுவதிலும் வைத்திருப்பதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ‘ரெண்டு நாள்ல வாடிடும், வேஸ்ட்டு’ என்பது மூன்றாவது ஆட்சேபம். இரண்டு நாளில் வாடினால் அது பூவின் குற்றம் கிடையாது. வெட்டும் நேரம் விடியற்காலை, ராத்திரி முழுக்கச் செடி தண்ணீர் குடித்து விறைப்பாக நிற்கும்போது. பத்து மணி வெயிலில் வெட்டியது எதுவும் பிழைக்காது. தோட்டத்துக்குக் கூடை எடுத்துப் போகக்கூடாது, தண்ணீர் வாளி எடுத்துப் போக வேண்டும். வெட்டிய தண்டு காற்றில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் அதன் நீர்க்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். ஜினியா வெட்டிய பிறகு விரியாது. அதனால் முற்றியதா என்று பார்க்கப் பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தலை தொங்கித் தள்ளாடினால் விட்டுவிடுங்கள், விறைப்பாக நின்றால் வெட்டலாம். காஸ்மாஸ் நேர் எதிர், மொட்டு இப்போதுதான் வாய் திறக்கிறது என்ற நிலையில் எடுக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கப்போகும் இலை முழுவதையும் உருவிவிட வேண்டும், இலை அழுகினால் தண்ணீர் நாறும். பூவைக் கொல்வது தாகம். தண்டின் வாயைப் பாக்டீரியா அடைத்துவிடுவதால், தண்ணீரிலேயே நின்றுகொண்டு தாகத்தில் சாகிறது. ஆகவே பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தினமும் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்டின் நுனியை அரை அங்குலம் வெட்டுங்கள். சர்க்கரை போடச் சொல்வார்கள். கிருமிநாசினி எதுவும் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்கு விருந்து வைத்த மாதிரி. காசு போடச் சொல்வார்கள், அதிலுள்ள செம்பு கிருமியைக் கொல்லுமாம். இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் எஃகு, அதில் செம்புக்கு எங்கே போவது? சாப்பாட்டு மேசையில் வாழைப்பழத்தின் பக்கத்தில் வைக்க வேண்டாம், பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் கிழடாக்கிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். இவ்வளவு செய்தால் எங்கள் ஊர் வெயிலிலும் ஜினியா ஐந்தாறு நாள் நிற்கிறது. தலையில் வைத்த மல்லி மறுநாள் காலையில் குப்பைக்குப் போவதைப் பற்றி யாரும் ‘வேஸ்ட்டு’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

‘அப்ப பொக்கே வாங்கிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே’ என்று கேட்ட நண்பர்களும் உண்டு. பொக்கே வேறு ஜாதி. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பிப்ரவரி 14ஐக் குறிவைத்து வளர்த்து, குளிர் அறையில் வைத்து, பெட்டியில் அடுக்கி அனுப்பும் ரோஜாவுக்கு வாசனையைவிடப் பயணத்தைத் தாங்கும் உடம்புதான் முக்கியம். முகர்ந்து பாருங்கள், ஈரக் காகித வாசனைதான் வரும். அந்தக் கூடைகளுக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு பஞ்சுக்கட்டி இருக்குமே, அது 1954இல் அமெரிக்காவில் ஸ்மிதர்ஸ் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின், சுத்தமான பிளாஸ்டிக். மக்காது, விரலால் அழுத்தினால் மாவாக உதிரும், உதிர்ந்தது சாக்கடை வழியாக எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கமே 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. நம் கல்யாண மேடைகளில் இன்னும் பெட்டி பெட்டியாக இறங்குகிறது. பூ நிமிர்ந்து நிற்கவில்லை என்றால் கோழிக்கூண்டு வலையில் ஒரு துண்டைச் சுருட்டிப் பாட்டிலுக்குள் திணித்தால் போதும். ஜினியா பெட்டியில் அடைபட்டு நெடுந்தூரம் போனால் நசுங்கிவிடும், அதனால் கடைக்காரர்கள் அதன் பக்கமே போவதில்லை. கொல்லையில் இருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் பூ அது.

வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஆரம்பித்த மூன்றாவது வாரம் பெரியம்மா வந்தார். பார்த்தார். ‘ஏண்டி, அவரு போயி நாலு வருசங்கூட ஆகல, வீட்டுல பூவா வச்சு அலங்காரம் பண்ணிக்கிட்டு இருக்க?’

அம்மா கொஞ்சம்கூடக் குரல் உயர்த்தவில்லை. ‘அது சீமப் பூக்கா. மணம் கெடையாது. சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. சும்மா நிக்குது.’

பெரியம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. சட்டப் புத்தகத்தில் பெயரே இல்லாத பூவை எந்தப் பிரிவின் கீழ் தடை செய்வது? ‘சீமப் பூ’ என்று ஒதுக்கி வைத்த அதே சொல் ஒரு கேடயமாகிவிட்டது. உபயோகமில்லாத பூ என்பதுதான் அதன் விடுதலை. சுமங்கலியா, கன்னியா, விதவையா, ஆணா என்று அது யாரையும் கேட்பதில்லை. அறைக்குள் இருப்பவர் யாரோ அவருக்கு அந்தப் பூ.

இதைச் சொன்னபோது சென்னையில் என்னோடு வேலை செய்யும் ஒரு தோழி கடுமையாக மறுத்தாள். ‘இது சமரசம். பாட்டில்ல வச்சா யாருக்கு என்ன கஷ்டம்? உங்கம்மாவத் தலையில வச்சுக்கச் சொல்லு. அதுதான் எதிர்ப்பு.’ மற்ற எந்த ஆட்சேபத்தையும்விட இதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஏற்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடக்கப்போவது நானோ தோழியோ இல்லை, அம்மா. தண்ணீர்க் குழாயடியில், கோயில் வாசலில், அடுத்த கல்யாணத்தில் அதற்கான விலையைக் கொடுக்கப்போவதும் அவள்தான். அறுபது வயதுக்காரியின் தலையை நம் முற்போக்குக்கு விளம்பரப் பலகையாக்குவது, அதை மொட்டையாக வைத்திருக்கச் சொன்னவர்களின் அதிகாரத்தைக் கை மாற்றி வாங்கிக்கொள்வதுதான். எதிர்ப்பு வேண்டும் என்றால் தட்டை ஏந்துகிறவர்கள் செய்யட்டும். மேசையில் அந்தச் சிறுமிகளை நிறுத்துகிற வீட்டுக்காரர் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்: ‘வர்றவங்க எல்லாருக்கும் பூ குடும்மா.’ வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லிக்கொள்வார். என் தங்கை மகள் காதுகுத்துக்கு அப்படித்தான் சொல்லி நிறுத்தினோம், வந்த ஆண்களுக்கும் சேர்த்து. சித்தப்பா ஒருவர் முறைத்தார். தாத்தா முறையில் ஒருவர் வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பந்திக்குப் போனார். அம்மா வாங்கிக்கொண்டாள், கையிலேயே வைத்திருந்தாள், சாயங்காலம் வரைக்கும்.

இந்தத் தையில் ஜினியாவை இரண்டு பாத்தியாக, மூன்று வார இடைவெளியில் விதைத்திருக்கிறோம், ஒன்று ஓயும்போது இன்னொன்று வரும். தெருவில் இரண்டு பேர் விதை கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அதில் ஒருவருக்குக் கணவர் இல்லை. போன வாரம் அம்மா போனில், சம்பங்கிக் கிழங்கு வாங்கி வரச் சொன்னாள். ‘அது மணக்கும், சாமிக்கும் ஆகும், தலைக்கும் ஆகும், அதக் கொண்டாந்து பாட்டில்ல வச்சா பெரியம்மா என்ன சொல்லும்?’ என்று கேட்டேன். ‘தண்டோட வெட்டுனா எத்தன நாள் நிக்கும், அதச் சொல்லு’ என்றாள். கீழ்ப் பூ இரண்டு மூன்று விரிந்ததும் வெட்டினால் மிச்சம் ஒவ்வொன்றாக மேலே ஏறி ஒரு வாரம் வரை விரியும் என்றேன். நாலு கிழங்கு போதும் என்றாள். பத்து வாங்கியிருக்கிறேன். மூன்று விரல்கடை ஆழத்தில் ஊன்றினால் சித்திரை வாக்கில் பூக்க ஆரம்பிக்கும்.